வலப்பக்கம் கொஞ்சம் மங்கல்

கண்ணாடிக்காரருக்கு வாரத்தில் ஆறு நாள் கண் வேலை, ஏழாம் நாள் காது வேலை. கண் வேலை கடைத்தெருவில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, எதிரே இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டே இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. காது வேலை வீட்டில். விலை உயர்ந்த ஹெட்போன்களைக் கம்பெனிக்காரர்கள் அவருக்கு இரவலாக அனுப்புவார்கள். அடுத்தடுத்து வைத்துக் கேட்டு, எதில் என்ன நிறை, எதில் என்ன குறை என்று தன் இணையப் பக்கத்தில் எழுதுவார். காசு கிடையாது, பொருளையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆனாலும் பதினோராயிரம் பேர் படித்தார்கள். கண்ணாடிக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு வாங்கலாம் என்று காத்திருப்பவர்கள் அதில் பாதிப் பேர்.

எழுதுவதில் பாதி அவர் மனைவியுடையது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவள் தோல் பை தைக்கும் தொழிற்சாலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். ஒலியைப் பற்றி அவர் எழுதுவார். தையல், திருகு, மெத்தை, மடக்கு என்று கட்டுமானத்தைப் பற்றியெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார். ஒலி எப்படி இருக்கிறது என்று அவளிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டாலும் "எனக்கு என்னங்க தெரியும்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசைமேல் இரண்டு ஹெட்போன்கள் இருந்தன. ஒன்று முழுக்க உலோகம், கையில் எடுத்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கனம். இன்னொன்று கறுப்பு, இறகு போல இலேசு. இரண்டுமே பெரிய கம்பெனிகளின் முதல்தரச் சரக்கு.

மனைவி உலோகத்தை எடுத்துத் தலைப்பட்டையை விரித்தாள், விட்டாள், மறுபடி விரித்தாள். மெத்தையை உருவிப் பின்பக்கத் தையலை நகத்தால் நெருடினாள்.

"இதைச் செஞ்சவனுக்குக் கை சுத்தம். ஒரு நூல்கூட வெளிய நீட்டல. கறுப்பு அப்படி இல்ல. மடக்குல பிளாஸ்டிக். ரெண்டு வருஷத்துல விரிசல் விடும்."

"ரெண்டுக்கும் உள்ள இருக்கற டிரைவர் நல்ல டிரைவர்" என்றார் அவர். காதருகே அதிர்ந்து ஒலியை உண்டாக்கும் மெல்லிய வட்டத்துக்கு அந்தத் தொழிலில் அதுதான் பெயர்.

"ஆளுக்கு ரெண்டு டிரைவர் போட்டும் வண்டி வீட்டை விட்டு நகரலையே" என்றாள் அவள். நூறாவது தடவையாகச் சொல்லும் பகடி. அவரும் நூறாவது தடவையாகச் சிரித்து வைத்தார்.

சோதனைக்கு என்று அவரிடம் ஒரு பாட்டு உண்டு. ஒரு பெண் பாடுவாள், துணைக்கு ஒற்றைக் கிதார். பதிவு செய்தவர் அவளைச் சரியாக நடுவில் நிறுத்தியிருந்தார். நல்ல ஹெட்போனில் அவள் குரல் இடமும் இல்லாமல் வலமும் இல்லாமல் நெற்றிக்கு நேரே நிற்கும். உலோகத்தை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். குரல் வந்தது. ஆனால் அந்தப் பெண் ஓரடி இடது பக்கம் தள்ளி நின்று பாடினாள். வலப்பக்கத்தில் எதுவோ திரை போட்ட மாதிரி.

"இவ்வளவு பெரிய கம்பெனி, வலது டிரைவரைச் சரியாப் பாக்கலையே" என்று முணுமுணுத்துக்கொண்டு கறுப்பை எடுத்தார். அதிலும் அவள் இடப்பக்கமே நின்றாள்.

இரண்டு கம்பெனியும் ஒரே தப்பைச் செய்யுமா? ஹெட்போனைக் கழற்றி, காதை மூடும் இடது கிண்ணம் வலக் காதுக்கு வரும்படி திருப்பி மாட்டினார். கோளாறு ஹெட்போனில் இருந்தால் திருப்பியதும் பாடுகிறவள் வலப்பக்கம் போக வேண்டும். போகவில்லை. உலோகத்தையும் அப்படியே திருப்பி மாட்டிப் பார்த்தார். அவள் அசைவேனா என்று அங்கேயே நின்று பாடி முடித்தாள்.

"என்னங்க, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் மனைவி.

"ஹெட்போன்ல ஒண்ணுமில்ல" என்றார் அவர். "காதுலதான்."

புதன்கிழமை மனைவி அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். காது மருத்துவமனையில் அவரைச் சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். ஒலி கேட்டால் அழுத்த வேண்டும். இடக் காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தார். வலக் காதின் முறை வந்தபோது நடுநடுவே நீண்ட மௌனம். மிஷின் நின்றுவிட்டதோ என்று வெளியே பார்த்தார். வெளியே இருந்த பெண் பொத்தான்களைத் தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

அப்போது அவருக்குக் கடைக்கு வந்த ஒரு வாத்தியாரம்மாவின் நினைவு வந்தது. இடக் கண்ணை மூடியதும் அந்த அம்மா "ஏன் லைட்டை அணைச்சுட்டீங்க?" என்று கேட்டார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. வலக் கண் மங்கி வருடக்கணக்காகி இருந்தது; இரண்டு கண்ணும் திறந்திருந்ததால் தெரியவில்லை. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவர் எத்தனையோ பேரைச் சிரிக்கவைத்திருக்கிறார்.

டாக்டர் அம்மா காகிதத்தை நீட்டினார். இடக் காதின் கோடு மேலேயே சமமாகப் போயிற்று. வலக் காதின் கோடு பாதி தூரம் வந்து, கீச்சென்ற ஒலிகளின் பக்கம் சறுக்குமரம் போல இறங்கியது.

"நரம்பு சார். வயசு கொஞ்சம், சத்தமா கேட்டது கொஞ்சம். உங்களுக்கு வலது பக்கம் முந்திக்கிச்சு. போனது திரும்பாது. ஆனா இதுக்கு மேல போகாம பாத்துக்கலாம். சத்தத்தைக் கொறைச்சுக் கேளுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. பேச்செல்லாம் உங்களுக்கு நல்லாவே கேக்கும்."

"எப்போலேர்ந்து இருக்கும்?"

"ஒரு வருஷம் இருக்கலாம். ரெண்டுகூட இருக்கலாம்."

திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நாலு நிறுத்தம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேட்காமல் விட்டுவிடுவாள் என்று அவர் நம்பி இருந்தார். ஐந்தாவது நிறுத்தத்தில் கேட்டுவிட்டாள்.

"அந்த அக்கா தங்கச்சிக்கு என்ன சொல்லப் போறீங்க?"

அக்கா தங்கை என்பது ஒரு ஹெட்போன். அதாவது, அதைச் செய்தவர்கள். கடைசல் எந்திரத்தில் மரக் கிண்ணம் கடைபவள் அக்கா. ஒரே மாதிரி ஒலிக்கும் டிரைவர்களை ஜோடி சேர்த்து, கம்பி பற்றவைத்துப் பூட்டுகிறவள் தங்கை. மாதத்துக்கு எட்டோ ஒன்பதோதான் செய்வார்கள். ஆறு வாரத்துக்கு முன்னால் முதல் தடவையாக அவருக்கு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். மனைவி அந்த மரத்தைத் தடவிப் பார்த்து, "இதைக் குழந்தை கையிலகூடக் குடுக்கலாம், ஒரு சிராய் இல்ல" என்றிருந்தாள். அவர் அதையும் எழுதினார். கூடவே இப்படியும் எழுதினார்: 'வலப்பக்கம் கொஞ்சம் மங்கல். பாடுகிறவர் இடப்பக்கம் நகர்ந்து நிற்கிறார். டிரைவர்களை ஜோடி சேர்ப்பதில் கவனம் போதாது. கைத்தொழிலில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான்.'

குறை தெரிந்தால் திருப்பி மாட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறவர் அன்றைக்குத் திருப்பிப் பார்க்கவில்லை. பெரிய கம்பெனிப் பொருளாக இருந்திருந்தால் பார்த்திருப்பார். மாடி அறையில் இரண்டு பெண்கள் செய்கிற பொருள். தப்பு இருக்கத்தானே செய்யும் என்று அவருக்குள் ஒரு எண்ணம். அது இப்போது பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது முள்ளாகக் குத்தியது.

"அந்த வரியை எடுத்துடறேன்" என்றார். "பழைய கட்டுரைதானே, யாரு பாக்கப்போறா."

"எடுத்தா, படிச்சவங்க மண்டையில இருக்கறது போயிடுமா?" என்றாள் அவள். "போன வருஷம் ஒரு பை திரும்பி வந்துச்சே, வார் அறுந்துடுச்சுன்னு. நான் ஒரு பொண்ணைக் கூப்பிட்டு எல்லார் முன்னாடியும் திட்டினேன். அப்புறம் பாத்தா வாங்கினவங்களே வாரைக் கத்தரிக்கோலால வெட்டியிருக்காங்க. அவகிட்டத் தனியாப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'அக்கா, திட்டும்போது எல்லாரும் இருந்தாங்களே'ன்னா."

நிறுத்தம் வந்தது, இறங்கினார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்கு லீவு போட்டுவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். மோட்டார் உதிரிபாகம் விற்கும் கடைக்கு மேலே, செங்குத்தான இரும்புப் படிக்கட்டு ஏறினால் பட்டறை. கதவு திறந்திருந்தது. நீள அறை. ஒரு கோடியில் கடைசல் எந்திரம், தரையெல்லாம் மரச்சுருள். மறு கோடியில் விளக்கும் பூதக்கண்ணாடியும் வைத்த மேசை. நடுவே ஒரு பெரிய அலமாரி. அதை யாரோ சமீபத்தில் இழுத்து அங்கே நிறுத்தியிருந்தது தரையில் இருந்த கீறலில் தெரிந்தது.

தங்கைதான் முதலில் பார்த்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் பற்றவைக்கும் கோல்.

"யாரு சார் வேணும்?"

"நான்தான், கண்ணாடிக்காரர்."

அவள் கோலை அதன் தாங்கியில் மெதுவாக வைத்தாள். "உக்காருங்க" என்று சொல்லவில்லை.

"அடுத்த கட்டுரைக்கு வந்தீங்களா? வேற என்ன மங்கலா இருக்கு?"

"திட்டுங்க. ஆனா முதல்ல இதைப் பாருங்க" என்று காகிதத்தை நீட்டினார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். ஒலி அளக்கிறவளுக்குக் கோடு பேசும். ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. நிமிர்ந்தபோது கோபம் குறைந்திருக்கவில்லை, இடம் மாறியிருந்தது.

"சார், உங்ககிட்டேர்ந்து திரும்பி வந்ததும் அந்த ஹெட்போனை மூணு தடவை அளந்தேன். ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணு. நம்ப முடியல. பதினோராயிரம் பேர் நம்பற மனுஷன் சொல்றார், என் மிஷின்தான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். அப்புறம் மரம்தான் சரியில்ல, கிண்ணத்துல எங்கயோ காத்து போகுதுன்னு நெனச்சேன். அக்காகிட்டச் சொன்னேன்."

அலமாரிக்கு அந்தப் பக்கம் அதுவரை ஓடிக்கொண்டிருந்த கடைசல் எந்திரத்தின் சத்தம் நின்றது.

"அவ, 'என் மரத்தைக் குத்தம் சொல்லாத, உன் ஜோடியைப் பாரு'ன்னா. நான் ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, சின்ன வயசுல மிட்டாயைப் பிடுங்கினது வரைக்கும் போயிடுச்சு. பன்னெண்டு நாளா பேச்சு வார்த்தை இல்ல. நடுவுல அலமாரி."

கண்ணாடிக்காரர் எத்தனையோ ஏச்சுக்குத் தயாராக வந்திருந்தார். ரத்தான ஆர்டர்களைப் பற்றிச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தார். இதை எதிர்பார்க்கவில்லை. தான் சாவகாசமாக உட்கார்ந்து எழுதிய ஒரு வரி, ஒரு வீட்டுக்குள் அலமாரியாகப் போய் நின்றிருக்கிறது.

"ரெண்டு பேர் மேலயும் தப்பில்லம்மா" என்றார். "திருப்பி மாட்டிப் பாத்திருந்தா எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். பாக்கல. சின்ன பட்டறைதானேன்னு பாக்கல."

அலமாரியைச் சுற்றிக்கொண்டு அக்கா வந்தாள். தலைமுடியில் மரத்தூள். காகிதத்தைத் தங்கையின் கையிலிருந்து வாங்கவில்லை. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்போ என் மரம் சரியாத்தான் இருக்கு" என்றாள்.

தங்கை திரும்பாமலே சொன்னாள். "என் ஜோடியும்தான்."

"நான் எப்போ இல்லன்னேன்?"

"இல்லன்னுதானே அலமாரியை இழுத்த?"

"நீ மூக்கை உறிஞ்சிட்டே இருந்த. சத்தம் தாங்கல, இழுத்தேன்."

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அக்கா ஒரு முக்காலியைக் காலால் தள்ளி, "உக்காருங்க சார்" என்றாள். பிறகு, "எங்க சண்டையை நாங்க பாத்துக்குவோம். ஊருக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள்.

"எல்லாத்தையும்" என்றார் அவர்.

சொன்னபடி செய்தார். பழைய கட்டுரையின் அடியில் ஒரு குறிப்பாக இல்லாமல், பக்கத்தைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் போட்டார். தன் காதுச் சோதனைக் காகிதத்தின் படத்தையும் ஒட்டினார். 'மங்கல் ஹெட்போனில் இல்லை, என்னிடம் இருந்தது. எப்போது தொடங்கியது என்று தெரியாததால், இந்த இரண்டு வருடத்தில் இடம் வலம் பற்றி நான் எழுதிய எதையும் நம்ப வேண்டாம். நீங்களும் உங்கள் ஹெட்போனை ஒரு தடவை திருப்பி மாட்டிக் கேளுங்கள்' என்று எழுதினார். பொத்தானை அழுத்தும்போது மனைவி பக்கத்தில் நின்றாள். அழுத்தியதும் சமையலறைக்குப் போய்விட்டாள்.

முதல் இரண்டு நாள் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார். காது போனவனுக்கு ஹெட்போன் எதற்கு என்று ஒருவர். இவர் பேச்சைக் கேட்டு வாங்கியதை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று இன்னொருவர். கறுப்பு ஹெட்போன் கம்பெனி அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி இரண்டு வரியில் மரியாதையாக எழுதியது. கட்டுரை வந்தபிறகு அனுப்புகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். வேண்டாம் என்றார்கள். பெட்டியில் வைத்துக் கூரியருக்குக் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இத்தனை வருடம் கட்டியது கலைகிறது என்று தோன்றியது.

மூன்றாம் நாள் வேறு மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு லாரி ஓட்டுநர் எழுதியிருந்தார்: திருப்பி மாட்டினேன், நகரவில்லை, ஜன்னல் பக்கக் காது எனக்குப் பாதிதான் கேட்கிறதாம், டாக்டரிடம் போய் வந்தேன். தறிக்கூடத்தில் வேலை செய்யும் ஒருவர், கல்யாண மேடைகளில் மேளம் வாசிக்கும் ஒருவர், மகளின் ஹெட்போனை வாங்கிப் போட்டுப் பார்த்த ஓர் அம்மா. அந்த வாரத்தில் நாற்பது பேருக்கு மேல். யாரும் அவரைப் புகழவில்லை. தங்கள் காதைப் பற்றித்தான் எழுதினார்கள். அவர் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினார். இத்தனை வருடத்தில் பொருளைப் பற்றி எழுதிய எதற்கும் இப்படிக் கடிதம் வந்ததில்லை.

இரண்டாவது வாரம் பட்டறையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே அதே மர ஹெட்போன். தங்கையின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'விட்டுப்போன ஆர்டர்ல பாதி திரும்பி வந்துடுச்சு. இப்போ இதை அந்த உலோகத்தோட வச்சு நேர்மையா ஒரு தடவை கேளுங்க. எங்களுக்குத் தயவு வேண்டாம்.'

உலோகம் இன்னும் அவரிடம்தான் இருந்தது. அந்தக் கம்பெனி திருப்பிக் கேட்டிருக்கவில்லை.

"எப்படி எழுதறது?" என்றார் மனைவியிடம். "ஒரு காதுதான் உருப்படியா இருக்கு."

"என்கிட்ட ரெண்டு இருக்கே" என்றாள் அவள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் துடைத்துக்கொண்டிருந்த தட்டை வைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முறை ஒன்று வகுத்துக்கொண்டார்கள். இரண்டிலும் சத்தத்தை ஒரே அளவில் வைத்தார். முதலில் அவர் இடக் காதால் மட்டும், ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வார். பிறகு அவள் இரண்டு காதாலும் கேட்பாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் உலோகத்தில் மூன்று பாட்டு கேட்டாள். மரத்தில் அதே மூன்று பாட்டு. மறுபடியும் உலோகம்.

"உலோகத்துல மேளம் அடிச்சா வயித்துல விழுது. மரத்துல அந்தக் கனம் இல்ல, கேக்குது, விழல. ஆனா குரல் மரத்துலதான். பாடறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உதட்டைப் பிரிக்கறா பாருங்க, அது இதுல கேக்குது. உலோகத்துல அவ சுத்தமாப் பாடறா. மரத்துல அவ பாடறா."

அவர் தன் குறிப்பைப் பார்த்தார். இடக் காதால் கேட்டு அவர் எழுதியிருந்ததும் ஏறக்குறைய அதேதான். மரத்தில் குரல் வரும் நடுத்தர ஒலி இயல்பாக இருக்கிறது, தாழ்ந்த ஒலியில் அழுத்தம் போதாது என்று பதினைந்து வருட அனுபவத்தில் எழுதியிருந்தார். அவளுடைய வாக்கியங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தன்னுடையதை அடித்துவிட்டார்.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?"

"இவ்வளவு நாளா ஏன் கேக்கல?"

கட்டுமானத்திலும் அவள் தயவு காட்டவில்லை. மரக் கிண்ணம் பிரமாதம். ஆனால் தலைப்பட்டை இறுக்கம். ஒரு மணி நேரத்தில் உச்சி வலிக்கிறது. உள்ளே வைத்த பஞ்சு மலிவு, தையல் நேராக இருந்தாலும் நெருக்கம் போதாது. அந்த விஷயத்தில் உலோகம் எங்கோ உயரத்தில் நின்றது. கட்டுரை அப்படியே வெளிவந்தது. கீழே முதல் தடவையாக இரண்டு பேர் எழுதியது என்று போட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் தங்கை ஃபோன் செய்தாள். அவர் எடுத்தார்.

"குரலைப் பத்தி எழுதினதைப் படிச்சுட்டு அக்கா எந்திரத்தை நிறுத்திட்டா சார். அரை மணி நேரம் வேலையே ஓடல. அது இருக்கட்டும். தலைப்பட்டை இறுக்கம்னு எழுதியிருக்கீங்களே, எவ்வளவு இறுக்கம்? பஞ்சுக்குப் பதிலா என்ன வைக்கறது? எங்களுக்குத் தையல் தெரியாது, வெளிய குடுத்துத்தான் வாங்கறோம்."

அவர் ஃபோனை மனைவியிடம் நீட்டினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பேச்சு நீண்டது. கம்பளித் துணி வேண்டாம், வேர்க்கும். தோலை மெல்லிசாகச் சீவலாம். நடுவில் பள்ளம் விட்டுத் தைத்தால் உச்சியில் படாது. சனிக்கிழமை மத்தியானம் நானே வந்து ஒன்று தைத்துக் காட்டுகிறேன். ஆமாம், ஊசி நான் கொண்டு வருகிறேன், உங்கள் ஊசி எனக்கு ஒத்து வராது.

ஃபோனை வைத்தவள் நேராகத் தையல் பெட்டியைத் திறந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள்.

"தலையைக் குடுங்க" என்றாள்.

கண்ணாடிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் ஒரு காதிலிருந்து மறு காது வரை உச்சி வழியாக நாடாவைப் பிடித்து, எண்ணைப் படித்து, அவரையே எழுதிக்கொள்ளச் சொன்னாள். பிறகு வாசலுக்குப் போய், எதிர் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "அக்கா, ஒரு நிமிஷம் உங்க தலை வேணும்" என்று கூப்பிட்டாள்.